தேதியை முன்பே சொல்லிவிடுங்கள்: கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கும் முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கல்லூரிக் கல்வி இயக்குநர் அவர்களுக்கும், அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், கால அட்டவணைக் குழுவில் இருக்கும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். கால அட்டவணை போடுவது, வருகைப் பதிவைக் கூட்டுவது, பருவ முடிவில் காண்டோனேஷன் (வருகை குறைந்தவருக்குக் கட்டணத்தோடு தரும் விலக்கு) பட்டியல் தயாரிப்பது என்று கல்லூரியின் அன்றாடக் கணக்குகளைப் பார்க்கும் வகுப்புப் பொறுப்பாசிரியர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

நம் வகுப்புகளில் படித்துக்கொண்டே சம்பாதிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறார்கள். துணிக்கடையில் புடவை மடிக்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். துறைக் கூட்டத்தில் இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "காசு பார்த்துட்டான், இனி படிப்பு ஏறாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பதிவேடுகளைப் பார்த்தால் எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. வாரத்துக்கு இருபது மணி நேர வேலையைப் பெரும்பாலோர் சமாளித்துவிடுகிறார்கள். எந்தத் தேதியில் ஆய்வகம், எந்தத் தேதியில் இன்டர்னல் (கல்லூரி வைக்கும் உள்மதிப்பெண் தேர்வு), எந்தச் சனிக்கிழமை கல்லூரி என்பது முந்தின நாள்தான் தெரியவரும் என்றால், அங்கேதான் சறுக்குகிறார்கள். அந்தத் தேதிகளைத் தீர்மானிப்பது நாம்.

முதலில் மணிக்கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு ஏழு என்றால் 49. வகுப்பு நாளுக்கு ஐந்து மணி, ஐந்து நாளுக்கு 25. டவுன் பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் 10. ரெக்கார்டு எழுதவும் படிக்கவும் 12. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, வீட்டு வேலை எல்லாம் நாளுக்கு மூன்று மணி வைத்தால் 21. கூட்டினால் 117. மீதி 51. இதில் 20 மணி வேலையும் அதற்குப் போய்வர ஐந்து மணியும் போனால் இன்னும் 26 கையில் இருக்கிறது. காய்ச்சல், கோயில் திருவிழா, உறவினர் வீட்டு விசேஷம் என எல்லாவற்றுக்கும் அது தாங்கும். வேலை 35 மணி ஆகி, போய்வர ஏழும் சேர்ந்தால் மீதி ஒன்பதுதான். அங்கே முதலில் வெட்டுப்படுவது தூக்கம். தூக்கம் குறைந்தால் போவது காலை முதல் பீரியட். முதல் பீரியட் போனால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

ஆக, இருபது மணிக்கு இடமிருக்கிறது. அந்த இருபதை எந்தக் கிழமைகளில் வைப்பது என்று மாணவர் முடிவு செய்ய வேண்டும். அங்கே குறுக்கே நிற்பது நம் டே ஆர்டர், அதாவது கிழமைக்குப் பதிலாக 1 முதல் 6 வரை எண் போட்டுச் சுழலும் அட்டவணை.

டே ஆர்டர் முறைக்கு நியாயம் உண்டு. கிழமைப்படி அட்டவணை போட்டால், திங்கள்கிழமைகளில் விடுமுறை அதிகம் வரும் பருவத்தில் திங்கள்கிழமைப் பாடம் மட்டும் நொண்டும். அதைத் தவிர்க்கத்தான் ஆறு டே ஆர்டர். ஆனால் வேலை நாள் வாரத்துக்கு ஐந்து. முதல் வாரம் திங்கள் டே ஆர்டர் 1 என்றால், இரண்டாம் வாரம் திங்கள் 6, மூன்றாம் வாரம் திங்கள் 5. நடுவில் ஒரு விடுமுறை விழுந்தால் வரிசை மறுபடி நகரும். வகுப்பு எல்லா நாளும் ஒரே நேரத்தில் முடிந்தால் இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆய்வகமோ, திறன் பயிற்சியோ, அரியர் (தேறாமல் நிற்கும் பாட) வகுப்போ வழக்கமான நேரத்தைத் தாண்டும் நாள் எது என்பதுதான் சிக்கல். துணிக்கடை சூப்பர்வைசர் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்தக் கிழமை லேட்டா வருவே? அதை மட்டும் சொல்லு." மூன்றாம் டே ஆர்டர் அன்று என்று அவரிடம் சொல்ல முடியுமா?

இதைச் சரிசெய்வது எளிது. ஆய்வகத்தையும் கூடுதல் வகுப்புகளையும் டே ஆர்டரிலிருந்து பிரித்து, கிழமையோடு கட்டிவிடுங்கள். முதலாண்டு இயற்பியல் ஆய்வகம் என்றால் எப்போதும் புதன் என்று இருக்கட்டும். மற்ற பாடங்கள் டே ஆர்டரிலேயே ஓடட்டும். ஆனால் பருவம் தொடங்கும் முன்பே அரசு விடுமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு, தொண்ணூறு வேலை நாளுக்கும் தேதி, கிழமை, டே ஆர்டர் என்று மூன்று பத்தியில் ஒரே தாள் அடித்து ஒட்டுங்கள். எக்செல் தெரிந்த ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை இது.

மழை விடுமுறைதான் இந்தத் தாளைக் குலைக்கும் என்பது தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று வடகிழக்குப் பருவமழை ஏதாவது ஒரு வாரத்தை வாங்கிக்கொண்டுதான் போகிறது. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பும் சில நாள் காலையில்தான் வரும். அப்போது நாம் செய்வது, போன நாளின் டே ஆர்டரை மறுநாளுக்குத் தள்ளுவது. ஒருநாள் மழைக்காக அதன் பின்னால் உள்ள அத்தனை தேதியும் மாறுகிறது. தள்ளாதீர்கள். மறுநாள் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே நடக்கட்டும். விட்டுப்போன வகுப்புக்கு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என, ஜூன் முதல் நவம்பர் வரையான பருவத்தில் ஆறு சனிக்கிழமைகளை முன்பே குறித்து ஒதுக்கி வையுங்கள். மழை பெய்யாவிட்டால் அந்தச் சனி விடுமுறை. வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸாப்பில் "சனிக்கிழமை கல்லூரி உண்டு" என்று வருகிறதே, வேலைக்குப் போகும் பிள்ளைக்கு அதைவிட மோசமான செய்தி கிடையாது. கடையில் கூட்டம் சேர்வதும் மண்டபத்தில் ரிசப்ஷன் நடப்பதும் அன்றைக்குத்தான். முந்தின நாள் போய் வரமாட்டேன் என்று சொன்னால், அடுத்த வாரம் அவனை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

இனி வருகைப் பதிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் விதி ஒன்றுதான்: 75 விழுக்காடு இருந்தால் தேர்வு எழுதலாம், 65 முதல் 74 வரை காண்டோனேஷன் கட்டணம், 50 முதல் 64 வரை அந்தப் பருவத் தேர்வு இல்லை, அடுத்த பருவத்தில் எழுதலாம், 50-க்குக் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். தொண்ணூறு நாளில் 75 விழுக்காடு என்றால் 68 நாள். விடுபட இடம் 22 நாள். கேட்க நிறைய இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பல கல்லூரிகளில் காலை அமர்வில் ஒரு பீரியட் போனாலும் அரை நாள் போச்சு. மண்டபத்தில் இரவுப் பந்தி முடிந்து, பாத்திரம் ஒதுக்கி, இரண்டு மணிக்குப் படுத்தவன் ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பதே காலுக்கு வந்தால் அரை நாள். மீதி நான்கு பீரியட் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் கணக்கு.

வாரத்துக்கு இரண்டு அரை நாள் இப்படிப் போனால் பதினெட்டு வாரத்தில் 36 அரை நாள், அதாவது 18 நாள். வந்தது 72, 80 விழுக்காடு. தப்பித்தான். அதே மாணவருக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்தால் வந்தது 67, 74.4 விழுக்காடு. காண்டோனேஷன். வாரத்துக்கு மூன்று அரை நாள் போனால், காய்ச்சலே வராவிட்டாலும் 27 நாள் போய், 70 விழுக்காட்டில் நிற்பார். இரண்டுக்கும் மூன்றுக்கும் இருக்கும் இந்த வித்தியாசத்தை எந்த மாணவருக்கும் நாம் ஜூன் மாதத்தில் சொல்வதில்லை. அக்டோபர் கடைசியில் பட்டியல் ஒட்டுகிறோம். அப்போது அவரால் செய்ய முடிவது ஒன்றும் இல்லை.

75-ஐக் குறைக்கச் சொல்லவில்லை. வகுப்புக்கு வராதவருக்குப் பாடம் வராது. அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கேட்பது, வருகையை அமர்வுக்குப் பதிலாகப் பீரியட் கணக்கில் பதியுங்கள் என்பதுதான். 90 நாளுக்கு ஐந்து வீதம் 450 மணி நேரத்தில் 338 வந்திருந்தால் 75 விழுக்காடு ஆகிவிடும். தாமதமாக வந்தவர் அந்த ஒரு மணியை மட்டும் இழப்பார். மீதி நாலு மணிக்கு உட்கார அவருக்கு ஒரு காரணம் இருக்கும். இப்போதைய முறையில், அரை நாள் எப்படியும் போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் திரும்பிப் போய்விடுகிறார். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள், "உனக்கு இன்னும் விடுபட இத்தனை மணி நேரம்தான் மீதி" என்று ஓர் எண்ணையும் கொடுங்கள். விழுக்காட்டைவிட மீதிதான் வேலை செய்யும். சம்பளத்தில் அட்வான்ஸ் போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

காண்டோனேஷனில் இன்னொரு சங்கடம், எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் எழுதாதது. அங்கே ஏற்கப்படும் காரணம் நோய். ஆகவே வேலைக்குப் போனவர் மருத்துவச் சான்றிதழ் கொண்டு வருகிறார். அது எப்படி வந்தது என்று நாமும் கேட்பதில்லை. விளையாட்டுக்கும் என்.எஸ்.எஸ். முகாமுக்கும் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு) கொடுக்கிறோம், குடும்பத்துக்காக உழைத்த பிள்ளையை மட்டும் பொய் சொல்ல வைக்கிறோம். முதலாளியின் கடிதமும் துறைத்தலைவரின் பரிந்துரையும் இருந்தால், மூன்றாண்டுப் படிப்பில் ஒரே ஒரு பருவத்துக்கு, 65 முதல் 74 வரை உள்ளவர்களுக்கு வேலையையும் ஒரு காரணமாக ஏற்கலாம். இதற்குப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு விதியைத் திருத்த வேண்டும். இயக்ககம் எழுதிக் கேட்டால்தான் அது நடக்கும்.

தேர்வுத் தேதி போடுபவர்கள் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஆடியில் முகூர்த்தம் இல்லை. கேட்டரிங் போகிறவர்கள் சும்மா இருப்பார்கள். ஆனால் ஆடித் தள்ளுபடியில் துணிக்கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆவணி பிறந்தால் மண்டபங்கள் நிரம்பும். புரட்டாசியில் கல்யாணம் அடங்கும். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் கடைத்தெருவில் ஆள் போதாது. அந்த ஒரு மாத வேலையில்தான் பலர் அடுத்த பருவத்துக்கான தேர்வுக் கட்டணம், புத்தகம், வீட்டு வாடகைப் பாக்கி எல்லாம் தேற்றுகிறார்கள். நாம் இரண்டாம் இன்டர்னலையும் மாடல் தேர்வையும் சரியாக அங்கேதான் கொண்டுபோய் வைக்கிறோம்.

தீபாவளி 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. பத்தொன்பது நாள் வித்தியாசம். சென்ற ஆண்டு அட்டவணையை அப்படியே நகலெடுத்து ஆண்டை மட்டும் மாற்றினால், ஓராண்டு தப்பித்தது அடுத்த ஆண்டு மாட்டிக்கொள்ளும். நவம்பரில் தீபாவளி வந்தால், கடைத்தெருக் கூட்டமும் பல்கலைக்கழகத் தேர்வும் ஒரே வாரத்தில் மோதும். அப்படிப்பட்ட ஆண்டில் முதல் இன்டர்னலை ஆடியிலும் இரண்டாவதைப் புரட்டாசி முதல் பாதியிலும் முடித்துவிடலாம். மாடல் தேர்வு தேவைதானா என்று துறைகள் யோசிக்கட்டும். மூன்று மணி நேரத் தேர்வை ஆறு பாடத்துக்கு வைப்பதால் போகும் நாட்களில் திருப்புதல் வகுப்பு நடத்தினால் பலன் கூடும் என்பது எங்கள் அபிப்பிராயம். இரட்டைப்படைப் பருவத்தில் மார்கழி ஓய்வு, தை நெருக்கடி, பங்குனி மறுபடி நெருக்கடி. அதே கணக்குத்தான்.

இன்டர்னலைத் தவறவிட்டால் நேரும் சேதம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். உள்மதிப்பெண் 25, வெளித்தேர்வு 75, தேர்ச்சிக்கு மொத்தம் 40, வெளித்தேர்வில் குறைந்தது 30 என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். உள்மதிப்பெண் 10 இருந்தால் வெளியே 30 போதும். ஒரு தேர்வு தவறி அது 5 ஆனால், வெளியே 35 வேண்டும். அடித்தட்டில் தத்தளிக்கும் மாணவருக்கு அந்த ஐந்து மதிப்பெண் ஒரு முழுக் கேள்வி. பல இடங்களில் உள்மதிப்பெண்ணைப் பிறகு திருத்தவும் வழியில்லை. அரியர் எத்தனை முறை எழுதினாலும் அந்த 5 கூடவே வரும். அதனால் மறுதேர்வை யாரும் வந்து கெஞ்சிக் கேட்கும் சலுகையாக வைக்காதீர்கள். ஒவ்வோர் இன்டர்னலுக்கும் பத்து நாள் கழித்து ஒரு மறுதேர்வு, புது வினாத்தாள், விரும்பும் எவரும் எழுதலாம், இரண்டில் எது அதிகமோ அது. தேதி முதல் தாளிலேயே இருக்கட்டும்.

அசைன்மென்டும் அப்படித்தான். ஐந்து பாட ஆசிரியர்களும் மதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாளை மனத்தில் வைத்து ஒரே வாரத்தில் கேட்கிறார்கள். பாடத்துக்குப் பத்துப் பக்கம் கையால் எழுதுவது என்றால் அந்த வாரம் ஐம்பது பக்கம். விளைவு, ஒருவர் எழுதியதைப் பார்த்து வகுப்பே எழுதுகிறது. ஐந்தாம் வாரம் ஒரு பாடம், ஏழாம் வாரம் ஒன்று, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று பிரித்துக்கொள்ளத் துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் போதும்.

காலைக் கல்லூரியா மாலைக் கல்லூரியா, எந்த ஷிப்ட் என்பதைச் சேர்க்கையின்போதே பேசியாக வேண்டும். காலை ஷிப்ட் கிடைத்தவர் மதியம் இரண்டிலிருந்து கடைக்குப் போகலாம், ஐந்தரைக்கு டியூஷன் எடுக்கலாம், இரவு சாப்பாட்டு நேரத்தில் டெலிவரி ஓட்டலாம். மாலை ஷிப்ட்காரருக்கு இவை மூன்றும் கிடையாது; பேப்பர் போடுவது, ஓட்டலில் காலை டிபன் நேரம், மார்க்கெட்டில் விடியற்காலை லோடு இறக்குவது என்று அவருக்கு வேறு உலகம். சேர்க்கையில் மதிப்பெண் வரிசைப்படி ஷிப்ட் நிரம்பிவிடுகிறது. பிறகு மாற்றம் கேட்டால் இடமில்லை. விண்ணப்பத்தில் "வேலைக்குச் செல்பவரா, எந்த நேரம்" என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு ஆமென்று எழுதியவரை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்க்கைக் குழுவுக்குச் சொல்லுங்கள். முதல் பருவம் முடிந்ததும், இடம் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் இருவர் இருந்தால் மாற்றிக் கொடுங்கள்.

கல்லூரி தரக்கூடிய இன்னொன்று ஒரு பக்கக் கடிதம். போனஃபைடு சான்றிதழையே சற்று நீட்டினால் போதும்: மாணவர் பெயர், வகுப்பு, வகுப்பு நேரம், ஆய்வகக் கிழமை, இன்டர்னல் தேதிகள், பல்கலைக்கழகத் தேர்வு நடக்கும் உத்தேச வாரங்கள், கல்லூரி முத்திரை. கேட்ட இரண்டு நாளில், கட்டணமில்லாமல். இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்கும்போது பேச்சே மாறும். ஒரு மாதம் முன்பே தெரிந்தால் கடைக்காரர் வேறு ஆள் போட்டுக்கொள்வார். அவருக்கும் திடீர் லீவுதான் எரிச்சல். கேட்டரிங் காண்டிராக்டர்கள் முந்தின நாள் இரவு குரூப்பில் ஆள் கேட்பவர்கள். அங்கே கடிதம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

முதலாண்டு அறிமுக வகுப்புகளில் தொழிலாளர் துறை அலுவலர் ஒருவரை ஒரு மணி நேரம் பேசக் கூப்பிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. நான்கு மணி நேரத்துக்குப் பின் ஒரு மணி ஓய்வு. உட்கார இருக்கை தரவேண்டும் என்பது 2021 திருத்தம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து நிறுவனம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்குள் வந்தால், பகுதிநேர ஆளுக்கும் அது உண்டு. சம்பளத்தில் பிடிப்பது 0.75 விழுக்காடு, முதலாளி போடுவது 3.25. வேலையிடத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கிடைக்கும், இ.எஸ்.ஐ. எண் இருந்தால். ஆகவே சேர்ந்தவுடனே எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். சட்டம் 48 அனுமதிக்கிறதே என்று மாணவர் 48 பார்த்துவிடக் கூடாது. மேலே போட்ட மணிக்கணக்கை அந்த வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

அதே வகுப்பில் சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழை எந்த முதலாளியிடமும் கொடுக்காதே, நகல் போதும். சில கடைகளில் பத்து நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். தேர்வுக்கு நின்றால் அது வராது. சேரும்போதே, தேர்வு மாதத்தில் இத்தனை நாள் வரமாட்டேன் என்பதை எழுதியோ வாட்ஸாப்பில் செய்தியாகவோ பதிந்துவிடு. டெலிவரி ஓட்டுகிறவர்கள் வருமானத்தைப் பெட்ரோல் கழித்துப் பார்ப்பதில்லை. ஒரு மாலையில் அறுபது கிலோமீட்டர், லிட்டருக்கு 45 மைலேஜ், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் 133 ரூபாய் வண்டி குடித்துவிடும். ஆயில், டயர், சர்வீஸ் தனி. சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸில், கூலிக்கு ஓட்டும்போது விபத்தானால் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது. இன்சென்டிவ் பெரும்பாலும் உச்ச நேரம் முழுக்க நின்றால்தான் வரும். ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று நினைத்துத் தொடங்கியவரைப் பதினொன்று வரை நிறுத்துவது அதுதான்.

"வேலைக்குப் போவதென்றால் தொலைநிலைக் கல்வியில் சேர வேண்டியதுதானே" என்று கேட்பவர்களுக்கு: தொலைநிலையில் இலவச பஸ் பாஸ் இல்லை, விடுதி இல்லை, ஆய்வகம் தேவைப்படும் அறிவியல் படிப்புகள் கிடைப்பது அரிது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாயும் நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்குத்தான். மிகவும் ஏழையான பிள்ளையைப் பார்த்து, இருக்கும் உதவியை எல்லாம் விட்டுவிட்டுப் போ என்று சொல்வதாகும் அது.

அரியர் விழுந்தவர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நவம்பரில் இரண்டு பாடம் போனால், ஏப்ரலில் ஐந்தோ ஆறோ இல்லை, ஏழெட்டுத் தேர்வு. தேர்வுக் கட்டணமும் பாடத்துக்கு இவ்வளவு என்று கூடும். அதைக் கட்ட அவர் வேலை நேரத்தைக் கூட்டுகிறார். கூட்டியதால் மூன்றாவது பாடமும் போகிறது. இந்தச் சுழலில் மாட்டுபவர்களுக்கு அலைடு (துணைப்பாடக்) கணிதம், புள்ளியியல், ஆங்கிலம் ஆகியவைதான் பெரும்பாலும் காலை வாரும். ஜனவரி, பிப்ரவரியில் வாரம் ஒரு மணி நேரம், ஒரே கிழமையில், பழைய வினாத்தாள் மட்டும் போட்டுப் பார்க்கும் அரியர் வகுப்பு நடத்தலாம். அந்தப் பருவத்தில் மட்டும் வாரத்துக்கு ஒரு ஷிப்ட் வேலையைக் குறைத்துக்கொள்ளும்படி வகுப்பாசிரியர் பேசிப் பார்க்கலாம்.

கால அட்டவணைத் தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஆசிரியர் காலியிடம். கௌரவ விரிவுரையாளர் வந்து சேர்ந்த பிறகு அட்டவணை மாறுகிறது. சில இடங்களில் ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. பீரியடையும் பாடத்தையும் பூட்டிவிட்டு, ஆசிரியர் பெயரை மட்டும் காலியாக விடுங்கள். வருபவர் அந்தப் பீரியடுக்குள் பொருந்தட்டும். இரண்டு கல்லூரிகளில் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் இது வசதிதான். அவரும் மணிக்கணக்கைச் சேர்த்துப் பிழைப்பவர்தான்.

ஒற்றைப்படைப் பருவத்துக்கான தாள் மே மூன்றாம் வாரத்துக்குள் அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டுமானால், ஏப்ரல் தேர்வு நடக்கும்போதே துறைகளிடமிருந்து ஆய்வகக் கிழமையும் இன்டர்னல் வாரங்களும் எழுத்தில் வந்துவிட வேண்டும். இயக்ககத்திலிருந்து மார்ச் மாதம் ஒரு சுற்றறிக்கை போனால் போதும். அதோடு 90 நாள் தாளின் காலிப் படிவம் ஒன்றையும் இணைத்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வகுப்புப் பொறுப்பாசிரியர்கள் சிலர்